கேஸ் ஷீட்டில் பத்து வருஷம்

உக்காருங்க தம்பி, இந்தச் சேர் காலிதானுங்க. பையை எடுத்துக்கறேன். டோக்கன் எத்தனை? முப்பத்தொண்ணா? எனக்கு இருபத்தெட்டு. இப்ப இருபத்தி மூணு ஓடுது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்குதே ஒரு அம்மிணி, அது ஒவ்வொரு ஃபைலாப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வெளிய உக்காந்திருக்கறவனும் பேஷண்டாயிருவான். நான் நாலு மணி நேரமாக் காத்துட்டிருக்கறனுங்க. பத்தரைக்கு வந்தது. இப்ப மணி என்ன? பன்னெண்டேகாலா? அதென்னமோங்க, உக்காந்திருக்கறவனுக்குத்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் கவுண்டருக்கு நீங்க புதுசுதானே? ஃபைலை இப்படி நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுட்டு வர்றவங்க எல்லாம் முதல் தடவைதானுங்க. ஆருக்கு ஒடம்பு சரியில்லை? அம்மாவுக்கா? சரி, கேட்டுக்குங்க. இந்தப் பத்து நாள்ல நான் இதுல பட்டமே வாங்கிட்டேன்.

கேஷ்லெஸ்னா காசு வேண்டாம்னு நினைச்சுட்டுத்தான் எல்லாரும் வர்றோம். வாசல்ல முதல்ல கேக்கறதே அட்வான்ஸ்தான். அப்புறம் கோ-பேமெண்ட்டும்பாங்க. பத்து ரூவா செலவுன்னா ரெண்டு ரூவா நம்ம கையில இருந்து போடணும். அறுவது வயசைத் தாண்டி உசுரோட இருக்கறதுக்கு அபராதமுங்க அது. அப்புறம் பில்லுல கையுறை, பஞ்சு, ஊசி அதெல்லாத்தையும் தனியா எடுத்து நான்-மெடிக்கல்னு போட்டு நம்ம தலையில கட்டிருவாங்க. ஆஸ்பத்திரியில பஞ்சு வைத்தியம் இல்லைன்னா வேற எதுங்க வைத்தியம்?

ரூம் வாடகை இருக்குது பாருங்க, அதுதான் பெரிய குழி. ஒரு நாளைக்கு நாலாயிரந்தான் தருவோம்னு பாலிசியில இருக்கும். நீங்க எட்டாயிரத்து ரூமுல படுத்தா, மிச்சம் நாலாயிரத்தை நாம கட்டுனாப் போதும்னுதானே நினைப்பீங்க? இல்லீங்க. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை, எல்லாத்துலயும் பாதியை வெட்டிருவாங்க. என்ற புள்ளை சுகன்யா பெங்களூர்ல இருந்து ஃபோன்ல சொல்லுச்சு, 'அப்பா, ரெண்டு பேர் படுக்கற ரூமே போதும்ப்பா'ன்னு. போதுமாங்க? பார்க்க வர்ற ஒரம்பரைக என்ன நினைப்பாங்க? சென்னியப்பன் சம்சாரத்தைக் கொண்டுபோய் எவளோ ஒருத்திகூடப் படுக்க வெச்சிருக்கான்னு பேசமாட்டாங்க? தனி ரூம்தான் போட்டேன். துளசிமணிகிட்டக் கேக்கலை. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்.

துளசிமணிதாங்க என்ற சம்சாரம். நாலாம் மாடியில படுத்திருக்கா. இருதயத்துல ரெண்டு அடைப்பு. ஒண்ணை வந்த அன்னிக்கே ஸ்டென்ட் வெச்சுத் திறந்துட்டாங்க. அதுக்கு என்ற பட்டறையில இருந்த லேத்து ரெண்டை வித்தேன். இன்னொண்ணை நாளைக்குக் காலையில செய்யோணும். அதைச் செய்யாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது நெருப்பை மடியில கட்டிட்டுப் போற மாதிரின்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். இனி விக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை. இன்சூரன்ஸ்காரன் சரின்னாத்தான் நாளைக்குத் தியேட்டர். அவன் முடியாதுன்னுட்டான். திரும்பப் பாருங்கன்னு மனுக் குடுக்கறதுக்கு இன்னிக்கு அஞ்சு மணிதான் கெடு. அதுக்குத்தான் இந்த டோக்கன்.

ஏன் முடியாதுன்னான்னு கேளுங்க. அதைச் சொன்னா உங்களுக்கே வயிறு எரியும்.

போன வியாழக்கெழமைங்க. நான் சாப்பாட்டுக்கு உக்காரப் போறேன், துளசிமணி வந்து நிக்கறா. 'ஏனுங்க, தாடை இழுக்குதுங்க, எடது கை கனக்குது'ன்னா. இதென்ன, அவளுக்கு எப்பவும் ஒரு இழுப்பு, ஒரு கனப்பு இருக்கும். 'வாயுதான், நேத்து உருளைக்கெழங்கு தின்னியில்ல, ஓமத்தண்ணி குடி'ன்னேன். குடிச்சா. எனக்குச் சாப்பாடு போட்டா. ரசத்துல உப்பில்லை, அப்பவே எனக்குச் சந்தேகம்தான். சாப்பிட்டுட்டுச் சித்தெ கண்ணசந்தேன். முழிச்சுப் பார்த்தா, சமையக்கட்டுல செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கா, ரவிக்கையெல்லாம் வேர்வை. அரை மணி நேரந்தானுங்க எல்லாஞ் சேர்த்து. உடனே காரைப் புடிச்சேன். வழியில என்னமோ சொல்ல வந்தா. 'பேசாதே, பேசுனா மூச்சு வீணாகும்'னு சொல்லிட்டேன்.

இங்க எமர்ஜென்சிக்கு வந்தா, பைக்குல இருந்து விழுந்த கேஸ் ஒண்ணு. ஆஸ்பத்திரியே அதைச் சுத்தி நிக்குது. எங்களுக்கு வந்தது ஒரு சின்ன டாக்டரம்மிணி. பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி இருந்துச்சு. கையில அட்டையும் பேனாவும். துளசிமணி மூஞ்சிக்கு நேராக் குனிஞ்சு, 'அம்மா, உங்களுக்கு பிபி இருக்கா? எத்தனை வருஷமா?'ன்னு கேட்டுச்சு. அவ வாயைத் திறந்தா. அவ ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும்னு நான் முந்திட்டேன். 'பத்து வருஷமா இருக்குதுங்க டாக்டர்'ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நீங்க பார்க்கறீங்க. நீங்களே சொல்லுங்க, டாக்டர்கிட்டப் போய் ஆராவது உள்ளதை உள்ளபடி சொல்லுவாங்களா? ரெண்டு நாளாக் காய்ச்சல்னா ரெண்டு மாத்திரையை எழுதிப் போகச் சொல்லிருவாங்க. ஒரு வாரமாக் கொதிக்குதுன்னாத்தான் கையைப் பிடிச்சுப் பார்ப்பாங்க. ஒரு தடவை வாந்தின்னா உக்காருங்கம்பாங்க, பத்து தடவைன்னாத்தான் எந்திரிச்சு வருவாங்க. எங்கப்பன் காலத்துல இருந்து இதுதானுங்க வழக்கம். பட்டறையிலயும் அப்படித்தான். அஞ்சு நாள் வேலைன்னா பத்து நாளாகும்னு சொல்லோணும். கூட்டிச் சொன்னாத்தான் கேக்கறவன் நியாயமான எடத்துல வந்து நிப்பான். பத்து வருஷம்னதும் பாருங்க, அந்தப் புள்ளை நிமிர்ந்து பார்த்துச்சு, உடனே ஈசிஜி மெஷினை இழுத்துட்டு வந்தாங்க. நான் அந்த வார்த்தை சொல்லலைன்னா அவ இன்னிக்கு உசுரோட இல்லீங்க.

உண்மையில எப்பவா? போன ஆடியிலதானுங்க பிபின்னே தெரியும். ஏழெட்டு மாசம். பாலிசி எடுத்து ரெண்டு வருஷமாச்சு. சுகன்யாதான் கம்ப்யூட்டர்ல எடுத்துச்சு. பிபி உண்டான்னு கேட்ட எடத்துல இல்லைன்னு போட்டுச்சு. அன்னிக்கு அது சத்தியந்தானே?

மூணாம் நாள் இந்த அம்மிணி என்னைக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டுது. 'சார், முன்னாடியே இருந்த நோயை மறைச்சுப் பாலிசி எடுத்திருக்கீங்க, கிளெய்மை நிராகரிச்சுட்டாங்க'ங்குது. முன்னாடியே இருந்த நோய்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க தம்பி. பாலிசி எடுக்கறதுக்கு முந்தி இருந்தது எதுவானாலும் சொல்லிறோணும். சொன்னா மூணு வருஷம் பொறுக்கச் சொல்லுவாங்க. சொல்லாம விட்டா பைசா கிடையாது. 'ஆரு சொன்னது முன்னாடியே இருந்துச்சுன்னு?' அப்படின்னு கத்தினேன். கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டுச்சு. பிபிக்கு இங்கிலீசுல மூணு எழுத்து, பக்கத்துல ஒரு பத்து. அதுக்குக் கீழ, விவரம் சொன்னவர் கணவர்னு எழுதியிருக்குது.

என்ற வாயில இருந்து வந்ததுதானுங்க, இல்லைங்கலை. ஆனா அது வாயில வந்த பேச்சு. அதைப் போய்க் காயிதத்துல எழுதுவாங்களா?

அந்த டாக்டரம்மிணியைத் தேடிப் புடிச்சேன். 'பத்தை அடிச்சுட்டு ஒண்ணுன்னு எழுதும்மா'ன்னேன். 'எழுதினதை மாத்த முடியாது சார். நான் அம்மாகிட்டத்தான் கேட்டேன், நீங்கதான் சொன்னீங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. என்ற மக வயசுகூட இருக்காது. பெரியவங்களுக்கு மருவாதையே இல்லாமப் போச்சுங்க.

அப்புறமும் ஒரு வாய்ப்பு வந்துச்சு. அதைக் கெடுத்தது ஆருன்னா, துளசிமணியேதான்.

முந்தாநேத்து கம்பெனியில இருந்து விசாரிக்க ஒருத்தர் வந்தார். அமைதியான ஆளு, ஜோல்னாப் பை. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, 'பிபி எப்பத் தெரிஞ்சுதுங்க?'ன்னார். நான் ஆரம்பிச்சேன். 'நீங்க இருங்க சார், அம்மா சொல்லட்டும்'னுட்டார். சரி, சொல்லட்டும். அவ என்னைப் பார்த்தா. ஒரு வருஷம்னு சொல்லட்டும்னு ஒத்தை விரலை நீட்டிக் காட்டினேன். அந்தாளுக்குத் தெரியாம வேட்டிப் பக்கத்துல வெச்சுத்தான் காட்டினேன். அவ விரலைப் பார்க்கலை, என்ற மூஞ்சியையே பார்த்தா. பார்த்துட்டு என்ன சொன்னாங்கறீங்க? 'அவுரு ஏற்கனவே சொல்லியிருப்பாருங்களே, அதேதானுங்க'ன்னா.

அந்தாளு எழுதிக்கிட்டார். பேஷண்டும் ஒத்துக்கிட்டாங்கன்னு.

அவர் போன பொறவு, 'உனக்கு வாயில்லையா? ஒரு வருஷம்னு சொல்ல உன்ற நாக்கு வராதா?'ன்னு கேட்டேன். சத்தம் போடலீங்க, இருதயக்காரிகிட்டச் சத்தம் போடுவனா. மெதுவாத்தான் கேட்டேன். நர்ஸு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க, அது வேற எதுக்கோ. துளசிமணி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

முப்பத்தஞ்சு வருஷத்துல அவ என்ற பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுனதில்லை தம்பி. எங்க சனத்துல அதைப் பெருமையாச் சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவைதான். கல்யாணமாகி ரெண்டாம் வருஷம், மொடக்குறிச்சியில ஒரு விசேசம். பந்தியில பத்துப் பேர்கிட்ட, நம்ம பட்டறையில பன்னெண்டு லேத்து ஓடுதுன்னு சொல்லிட்டிருந்தேன். பின்னால நின்னுட்டு, 'நாலுதானுங்களே'ன்னுட்டா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து நான் ஒண்ணுஞ் செய்யலை. கைநீட்டற ஆளு இல்லீங்க நானு. ஒரு மாசம் அவகூடப் பேசலை, அவ்வளவுதான். தட்டு வெச்சா சாப்பிடுவேன், எந்திரிச்சுப் போயிருவேன். மாசக் கடைசியில அவளே வந்து, இனி எதுவும் சொல்லமாட்டனுங்கன்னு அழுதா. அன்னையில இருந்து அவ எதையும் திருத்துனதில்லை. நல்லதுதானே? ஆனா எங்க பேசோணும் எங்க பேசக்கூடாதுன்னு ஒரு விவரம் வேண்டாமுங்களா?

அதனால சொல்றேன், உங்கம்மாகிட்ட ஆராவது வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிருங்க. அந்தம்மாளைப் பேச விடாதீங்க. பேஷண்டைப் பேச விட்டா இப்படித்தான் குடியைக் கெடுப்பாங்க.

எத்தனை ஓடுது? இருபத்தாறா? இன்னும் நேரமிருக்குது.

நேத்து இந்தக் கவுண்டர் அம்மிணிதான் ஒரு வழி சொல்லுச்சு. முதல்முதல்ல பிபி பார்த்த டாக்டர் சீட்டு ஒண்ணு. அது மட்டும் பத்தாதாம். அதுதான் முதல் தடவைன்னு பேஷண்ட் தன் கையால எழுதின லெட்டர் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் திரும்பப் பார்ப்பாங்களாம், ஒண்ணு குறைஞ்சாலும் எடுக்கமாட்டாங்களாம். சீட்டு வீட்டுல பிஸ்கெட் டப்பாவுல இருந்துச்சு, துளசிமணி எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருப்பா. பெங்களூர்ல இருந்து வந்திருந்த சுகன்யா போய் எடுத்துட்டு வந்துச்சு. பார்த்தா ஆடி மாசத்துச் சீட்டு, தேதியோட.

லெட்டருக்கு நான் காயிதம் பேனா எல்லாம் வாங்கிட்டுப் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். 'நான் சொல்லச் சொல்ல எழுது'ன்னேன். அவ பத்தாவது படிச்சவ, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேனாவை வாங்கிட்டு என்னைப் பார்த்து, 'நீங்க சித்தெ வெளிய இருங்க'ன்னா.

நம்புவீங்களா? முப்பத்தஞ்சு வருஷத்துல மொதத் தடவையா என்னைப் பார்த்து வெளிய இருங்கன்னுட்டா. ஒடம்புக்கு முடியாதவளாச்சேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வராந்தாவுல பைத்தியக்காரன் மாதிரி நின்னேன். அரைப் பக்கம் எழுத ஒரு மணி நேரம். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு, சீட்டையும் லெட்டரையும் ஒரு கவர்ல போட்டு ஒட்டச் சொல்லி, 'இதைக் குடுத்துருங்க'ன்னு என்ற கையில வெச்சா. ஒட்டின கவரு. புருசங்கிட்டக் குடுக்கறா, ஒட்டிக் குடுக்கறா.

நான் பிரிக்கலீங்க. காலையில கேண்டீன்ல டீ குடிக்கறப்ப கவரு டம்ளர் மேல இருந்துச்சு. சூட்டுல அதுவாப் பிரிஞ்சுக்குச்சு. பிரிஞ்ச பொறவு படிக்காம இருக்க முடியுங்களா?

இந்தாங்க, நீங்களும் பாருங்க. கண்ணாடி வேண்டாம், எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. நானே சொல்றேன். 'எனக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது சென்ற ஆடி மாதம்தான் முதன்முதலில் தெரிந்தது. தலைசுற்றல் என்று நான் தனியாக டாக்டரிடம் போனேன். பத்து வருடம் என்று என் கணவர் சொன்னது சரியல்ல. அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார். கெட்ட எண்ணம் கிடையாது.' பார்த்தீங்களா? கெட்ட எண்ணம் கிடையாதாம், எனக்குச் சர்ட்டிபிகேட் குடுக்கறா.

'வலி வந்த அன்று பன்னிரண்டு மணிக்கே அவரிடம் சொன்னேன். மூன்றேகாலுக்குத்தான் புறப்பட்டோம்.' இதை எதுக்கு எழுதோணும்? இதுக்கும் பாலிசிக்கும் என்ன சம்பந்தம்? அரை மணி நேரந்தானுங்க, மிஞ்சிப்போனா முக்கா மணி. என்னைச் சொல்றாளே, இதுல மட்டும் அவ கூட்டிச் சொல்லலாமா?

'விசாரிக்க வந்தவரிடம் உண்மையைச் சொல்லாதது என் தப்பு. அவர் பக்கத்தில் நின்றார்.' அவ்வளவுதான், நின்னாராம். நிக்காம எங்க போவேன்? நிக்கறதும் குத்தமுங்களா?

கடைசியா ஒரு வரி. 'எனக்குப் பிழைத்து இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.'

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதற லெட்டர்ல ஆராவது இதை எழுதுவாங்களா தம்பி? எங்கிட்டச் சொல்லலீங்க. எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'காசு இல்லாட்டிப் போச்சுங்க, வீட்டுக்குப் போயிரலாம், எனக்கு ஒண்ணுமில்லை'ன்னா. நாலு நாளா அதைத்தான் சொல்லிட்டிருந்தா. நானும் சரி, அவளுக்கு மனசு விட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டேன். ஆசையாக இருக்கிறதாம். எவனோ ஒருத்தன், ஊரு தெரியாது பேரு தெரியாது, அவனுக்கு எழுதறா. பக்கத்துலயே நான் உக்காந்திருக்கேன். பொக்குன்னு போச்சுங்க எனக்கு. டீயைக்கூட முழுசாக் குடிக்கலை.

இப்ப இதை உள்ள குடுத்தா என்னாகும்னு ரோசனை பண்ணிப் பாருங்க. இந்த அம்மிணி படிக்கும். அப்புறம் ஸ்கேன் பண்ணி அனுப்பும், அங்க பத்துப் பேர் படிப்பான். நாளைக்கு சுகன்யா படிக்கும், மருமகன் படிப்பார். சென்னியப்பன் பொய் சொன்னான், பொண்டாட்டி வலின்னு சொன்னப்பத் தூங்கினான்னு ஆஸ்பத்திரி ஃபைல்ல ஏறிரும். ஏறுனதை மாத்த முடியாதுன்னு அந்தச் சின்னப் புள்ளையே சொல்லிருச்சில்ல. நாப்பது வருஷம் பட்டறை நடத்துன பேருங்க. அதுக்காக அவ வைத்தியத்தை விட்டுருவனா? விடமாட்டேன். நான் இருக்கறப்ப அவளுக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன்.

இருபத்தெட்டா? என்னைத்தானுங்க கூப்பிடறாங்க. வர்றேன் அம்மிணி, வந்துட்டேன்.

இந்த ஃபைலைச் சித்தெ பிடிங்க தம்பி. சீட்டை மட்டும் வெளிய எடுத்துக்கறேன். லெட்டரு பாக்கெட்டுலயே இருக்கட்டும். ரெண்டும் வேணும்னு சொன்னாங்கதான், எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா ஏன் கேக்கமாட்டாங்க? நேர்ல வாயால சொல்றதுக்கு ஈடா ஒரு காயிதம்? அவளுக்கு எழுதத் தெரியும், விவரம் பத்தாதுங்க.

வணக்கம் அம்மிணி. பேஷண்ட் பேரு துளசிமணி, நாலாம் மாடி. லெட்டருங்களா? அவ எங்க எழுதறா, பேனாவே பிடிக்க முடியலை. அவளுக்கு என்னன்னு நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க.